இடாப்பு யாருடையது? மலையகத் தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் புதிதாக வரும் போதனாசிரியருக்கு

முதல் திங்கட்கிழமை, காலை 8 மணி. இடாப்பில், அதாவது வரவுப் பதிவேட்டில், 25 பேர் இருக்கிறார்கள், வாங்கில் 11 பேர். ஒன்பது மணிக்குள் இன்னும் ஏழெட்டுப் பேர் நனைந்த சப்பாத்தோடு வந்து வாசலில் நிற்பார்கள். மிச்சப் பேரை அன்றைக்குக் காண முடியாது. பக்கத்துப் பட்டறையில் படிப்பிக்கிறவர் தேநீர்க் கோப்பையோடு வந்து, "இதுகளுக்கு நேரத்தோட அருமை தெரியாது சேர், போகப் போகப் பழகிருவீங்க" என்பார்.

அவர் சொல்வதில் பாதி சரி. நீங்கள் பழகிவிடுவீர்கள். அப்படிப் பழகிப்போகாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் வயரிங் படிப்பிக்கிறவன் நான். வரவு விஷயத்தில் ஒரு போதனாசிரியர் செய்யக்கூடிய பிழைகளில் அநேகமானதைச் செய்து முடித்துவிட்டேன். நீங்கள் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையத்துக்கு வந்தாலும், நைட்டாவுக்கு (தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபைக்கு) வந்தாலும், தொழில்நுட்பக் கல்லூரிக்கு வந்தாலும், சங்கமோ கோயிலோ நடத்தும் சின்னத் தையல் வகுப்புக்கு வந்தாலும் இது பொருந்தும்.

பக்கத்துப் பட்டறைக்காரர் சொல்வதில் மற்றப் பாதி பிழை. காலையில் நாலு மணிக்கு எழும்பி, ரொட்டி சுட்டு, கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) விட்டுவிட்டு, ஏழரைக்கு மலையில் கொழுந்து பறிக்க நிரை பிடிக்கிற தாய்மாரின் பிள்ளைகள் இவர்கள். நேரம் தெரியாத வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை.

தொடங்கும் முன்: பெரட்டு

வெளியூரிலிருந்து வருகிறீர்கள் என்றால் முதலில் இந்தச் சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். காலையில் தோட்டத் தொழிலாளர்களை ஒன்றுகூட்டி, பேர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுக்கிற இடம் பெரட்டுக்களம். அந்தக் காலத்தில் விடிவதற்கு முன் தப்படித்து லயத்தை (தொழிலாளர்களின் வரிசை வீடுகளை) எழுப்புவார்கள். பிறகு தொழிற்சாலைச் சங்கு வந்தது. பிந்திப் போனவரைத் திருப்பி அனுப்பினால் அன்றைய பேர் போனது. 'பேர்' என்றால் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் என்று அர்த்தம். "இந்த மாசம் எனக்கு 18 பேர்" என்று ஒரு அம்மா சொன்னால், 18 நாள் வேலை செய்திருக்கிறார் என்று விளங்கிக்கொள்ளுங்கள். பறித்த தேயிலைக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். ஆளின் பேரும் நாளின் கூலியும் ஒரே சொல்லாகிப் போன ஊர் இது.

வரவுக்குக் காசு என்பதும் இந்தப் பிள்ளைகளுக்குப் புதிய விஷயம் இல்லை. 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 620 ரூபா என்று பேசப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 450 தான். 140 ரூபா வரவுக் கொடுப்பனவு, 30 ரூபா விலைப் பங்கு. போதிய நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த 140 கிடைக்காது. 2019 ஒப்பந்தத்தில் வரவுக் கொடுப்பனவை எடுத்துவிட்டார்கள். 2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அது வேறு உருவில் திரும்பி வந்தது: நாட்சம்பளம் 1350இலிருந்து 1550, அதற்கு மேல் அரசாங்கம் தரும் வரவு ஊக்கத்தொகை 200. ஆக, பிந்தினால் என்ன, வராவிட்டால் என்ன என்பதை உங்கள் பயிலுனர்கள் அடுப்படியிலேயே கேட்டு வளர்ந்தவர்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அவர்கள் பார்த்த நேரம் எல்லாம் தோட்டத்தை நடத்தும் துரையுடைய நேரம், வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையுடைய கொப்பி. காலையில் நீங்கள் இடாப்பைத் தூக்கிக்கொண்டு கடுத்த குரலில் பேர் கூப்பிட்டால், அந்தப் பிள்ளையின் காதில் பெரட்டுதான் கேட்கும். பெரட்டிலிருந்து தப்பத்தானே தாய் தகப்பன் அவனைத் தொழில் படிக்க அனுப்பினார்கள்?

இதை நான் முதல் வருஷத்தில் புரிந்துகொள்ளவில்லை. 8.15க்கு வாசல் கேற்றைப் பூட்டச் சொன்னேன். மூன்று மாதத்தில் பிந்தி வருகிறவர்கள் தொகை நன்றாகக் குறைந்தது, மாத அறிக்கை அழகாக இருந்தது. அதே மூன்று மாதத்தில் வராதவர்கள் தொகை கூடியதை நான் பார்க்கவில்லை. பிந்தினால் வீணாகத் திரும்ப வேண்டும் என்று தெரிந்தவன் வீட்டிலேயே படுத்துவிடுகிறான், அவ்வளவுதான். பொகவந்தலாவைக்கு அப்பாலிருந்து ஒரு பையன். அவனுடைய பஸ் ஹட்டனுக்கு வந்து சேருவதே 8.20க்கு. இரண்டு தரம் கேற்றிலிருந்து திரும்பிப் போனான். மூன்றாம் தரம் வீட்டுக்குப் போகவில்லை, நேரே கொழும்பு பஸ் ஏறி ஒரு புடவைக் கடையில் சேர்ந்துவிட்டான். வயரிங்கில் நல்ல கை. பூட்டு இப்போதும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது.

முதல் வாரம்: வழியை அளந்து பாருங்கள்

ஒரு பெரிய தாளை எடுத்து, ஒவ்வொரு பயிலுனரிடமும் இதைக் கேட்டு எழுதுங்கள்: வீடு எந்தத் தோட்டம், எந்த டிவிஷன். பிரதான வீதிக்கு நடந்து வர எத்தனை நிமிஷம். முதல் பஸ் எத்தனை மணிக்கு, அது இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸா தனியாரா, அதை விட்டால் அடுத்தது எப்போது. எங்கே மாற வேண்டும். ஒரு நாளைக்குப் போக வர எவ்வளவு காசு. வீட்டில் காலையில் அவர் செய்ய வேண்டிய வேலை என்ன.

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

தாள் நிரம்பியதும், ஆகத் தூரத்துப் பிள்ளை ஏறும் பஸ்ஸில் ஒரு நாள் நீங்களே ஏறிப் பாருங்கள். நான் சாமிமலைப் பக்கமிருந்து ஒரு ஜூன் மாதக் காலையில் வந்தேன். தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்ட நேரம். பஸ்ஸுக்குள் நிற்கவே இடமில்லை, கண்ணாடிக்கு வெளியே பனிமூட்டம், டிரைவர் லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தார். நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது நானே 20 நிமிஷம் பிந்தியிருந்தேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்த நாளுக்குப் பிறகு "பஸ் பிந்திருச்சு சேர்" என்ற வார்த்தையை எப்போது நம்ப வேண்டும், எப்போது நம்பக்கூடாது என்று எனக்கு ஓரளவு தெரியும்.

ஊரின் நாட்காட்டியும் உங்களுக்கு வேண்டும். கினிகத்தேனை, வட்டவளை, நோர்ட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை அடித்து ஊற்றும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்து நிலையம் என்றால் வருடக் கடைசி மழைதான் உங்கள் எதிரி. டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமியிலிருந்து) வெசாக் வரை சிவனொளிபாதமலைக் காலம். சனி ஞாயிறும் நீண்ட விடுமுறையும் சேர்ந்தால் ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி வீதி யாத்திரிகர் வாகனங்களால் அடைத்துக்கொள்ளும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையையே பிளந்து போட்டபோது வீதியும் இல்லை, ரயிலும் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் இடாப்பில் வராதவர் என்று கோடு போடுவது கணக்கும் அல்ல, நியாயமும் அல்ல. மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கும் நாளில் பிள்ளையை வரச்சொல்லாதீர்கள். அன்றைய வேலையை எப்படி ஈடு செய்வது என்று முன்கூட்டியே நிலையப் பொறுப்பதிகாரியோடு பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தாளை வைத்துப் பார்த்தால் வகுப்பு மூன்றாகப் பிரியும். 7.45க்கே வந்துவிடக்கூடியவர்கள் ஒரு பிரிவு. எவ்வளவு முயன்றாலும் ஒரே பஸ் 8.20க்குத்தான் கொண்டுவந்து விடும் என்பவர்கள் இன்னொன்று. வரக்கூடியதாக இருந்தும் வராதவர்கள் கடைசிப் பிரிவு. நேரந்தவறாமையைப் பற்றிய உங்கள் பாடம் கடைசிப் பிரிவுக்கு மட்டும்தான். நடுப் பிரிவுக்குத் தேவை பாடம் அல்ல, ஏற்பாடு. வகுப்பை அரை மணித்தியாலம் பிந்தித் தொடங்க அனுமதி கேட்கலாம். அல்லது மதிய இடைவேளையில் ஈடு செய்யலாம். பின்னேரம் மறித்து வைத்து ஈடு செய்ய மட்டும் யோசிக்க வேண்டாம். கடைசி பஸ்ஸை விட்டால் பெண் பிள்ளை இருட்டில் தேயிலை மலை நடுவே நடக்க வேண்டும், அடுத்த நாள் அவளை வீட்டில் விடமாட்டார்கள்.

இரண்டாம் வாரம்: இடாப்பை இரண்டாக்குங்கள்

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் இதை மட்டும் செய்தாலும் போதும்.

அலுவலக இடாப்பு உங்கள் கையில் இருக்கட்டும், அது கட்டாயம். அதைவிட ஒவ்வொரு பயிலுனருக்கும் ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டை போட்ட கொப்பி) வாங்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வரி: தேதி, வந்த நேரம், போன நேரம், அன்று கையால் செய்த வேலை. அவரே எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி அரை மணித்தியாலத்தில் அவர்களுடைய கொப்பியையும் உங்கள் இடாப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் உங்களோடு வாதாட அவர்களுக்கு உரிமை கொடுங்கள். நீங்கள் பிழை என்றால் அவர்கள் முன்னாலேயே இடாப்பைத் திருத்திக் கையெழுத்துப் போடுங்கள்.

இது எதற்கு என்று அவர்கள் கேட்பார்கள். உங்கள் பாட்டியைக் கேளுங்கள் என்று சொல்லுங்கள். செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில்) என்ன எழுதினார்கள் என்று வாசிக்கத் தெரியாமல், போட்ட பேரை எண்ணத் தெரியாமல், கொடுத்த காசை வாங்கிக்கொண்டு வந்த தலைமுறை அது. பறித்த கொழுந்தின் நிறையைக் குறித்துக் கொடுக்கும் துண்டைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்து, சம்பள நாளில் எடுத்துச் சண்டை பிடித்த அம்மாமாரும் இருந்தார்கள். நம் பயிலுனர் நாளைக்கு ஒரு கராஜிலோ, ஹோட்டலிலோ, கொந்தராத்துக்காரரிடமோ வேலைக்கு நிற்பார். வேலை செய்த நாட்களைத் தன் கையால் குறித்து வைத்திருப்பவருக்குத்தான் மேலதிக நேரக் காசைக் கேட்க வாய் வரும். ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டுகிறார்கள், முதலாளி 12 சதவீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னொரு 3. எந்த மாதத்துக்குப் போட்டார்கள், எதற்குப் போடவில்லை என்று கேட்கிற நாளில் அந்தக் கொப்பி பேசும்.

தொடக்கத்தில் பொய் எழுதுவார்கள். 8.20க்கு வந்தவர் 7.55 என்று எழுதுவார். போலீஸ் வேலை பார்க்காதீர்கள். சுவரில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரு மணிக்கூடு, பக்கத்தில் இருப்பவர் ஒரு சின்னக் கையெழுத்து, அவ்வளவு போதும். என் அனுபவத்தில் ஒரு மாதத்துக்குள் அலுத்துவிடும், உண்மையை எழுதத் தொடங்குவார்கள். தன் கையால் "8.40" என்று நாலு நாள் தொடர்ந்து எழுதினால் அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். நாம் போடும் சிவப்புக் கோடு அப்படி உறுத்துவதில்லை.

8 மணி என்றால் 8 மணி: முதல் பத்து நிமிஷம்

நாம் பொதுவாக என்ன செய்கிறோம்? இடாப்புக் கூப்பிடுகிறோம், கூட்டிப் பெருக்கச் சொல்கிறோம், வேலைக் கருவிகளை எடுத்து வைக்கிறோம், எல்லாரும் வரட்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறோம். நேரத்துக்கு வந்தவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். பிந்தி வந்தவர் வந்ததும் பாடம் தொடங்குகிறது. யாருக்குத் தண்டனை, யாருக்குப் பரிசு?

நாலே நாலு பேர் இருந்தாலும் சரி, எட்டுக்குத் தொடங்குங்கள். அந்த நாளின் சுவையான பகுதியை முதல் பத்து நிமிஷத்தில் வையுங்கள். நான் ஒரு பலகையில் இருவழி ஆளி (சுவிட்ச்) சுற்று ஒன்றைப் பிழையாகக் கட்டி வைத்திருப்பேன். எட்டு மணிக்கு இருப்பவர்கள் பிழையைத் தேட வேண்டும், 8.10க்குப் பலகையைக் கழற்றிவிடுவேன். பிந்தி வந்தவருக்குத் திட்டும் இல்லை, திரும்பக் காட்டுவதும் இல்லை. தேநீர் நேரத்தில் கூட்டாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எங்கள் நிலையத்துத் தையல் மிஸ் முதல் பத்து நிமிஷத்தில் ஒரு பழைய சட்டையைப் பிரித்து, அதன் வெட்டு எப்படிப் போடப்பட்டது என்று காட்டுவார். அந்த வகுப்பு எட்டு மணிக்கு ஜன்னல் வரை நிறைந்திருக்கும்.

ஆனால் நடுப் பிரிவை நினைவில் வையுங்கள். பஸ்ஸால் பிந்துகிறவர்களுக்கு அந்தப் பலகையை மதியம் திரும்பக் காட்டுங்கள். மற்றவர்கள் முனகினால், வழித் தாள் சுவரில் தொங்குகிறது என்று கையைக் காட்டினால் போதும்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாக இருக்கும். வெள்ளிக்கிழமை மதியத்தோடு ஊருக்குக் கிளம்பி, திங்கட்கிழமை "ரயில் பிந்திவிட்டது" என்று பத்தரைக்கு வந்து நிற்கிற ஆசிரியர்கள் நம்மில் இல்லையா? பயிலுனர்கள் நம்மைப் பார்த்துப் பேசாமல் இருப்பது மரியாதையால். கணக்கு வைத்திருப்பார்கள். உங்களுக்கும் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி மேசையில் திறந்து வையுங்கள். என்னுடையதில் முதல் மாதத்தில் மூன்று தரம் எட்டைத் தாண்டிய நேரம் இருக்கிறது, அழிக்கவில்லை.

கணக்குப் பாடம்

மூன்றாம் வாரத்தில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, பயிலுனர்களையே கரும்பலகையில் போடச் சொல்லுங்கள். ஆறு மாதப் பாடநெறி, வாரத்துக்கு 5 நாள், 26 வாரம்: 130 நாள். போயாவும் பண்டிகையும் கழித்து 120 என்று வைத்துக்கொள்வோம். பல பாடநெறிகளில் 80 சதவீத வரவு இருந்தால்தான் மதிப்பீட்டுக்கு விடுவார்கள். உங்கள் நிலையத்து விதி எவ்வளவு என்பதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 120இல் 80 சதவீதம் 96. கரும்பலகையில் 24 என்ற எண் வந்ததும் பின்வாங்கில் ஒருவர் கட்டாயம் சொல்வார்: "அப்ப 24 நாள் லீவு இருக்கு சேர்!"

அங்கேதான் நிறுத்திப் பேச வேண்டும். என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) முறையில் ஒவ்வொரு அலகையும் கையால் செய்து காட்டினால்தான் தேர்ச்சி. மூன்று கட்ட மோட்டருக்கு ஸ்டாட்டர் கட்டுகிற பாடம் இரண்டு நாள்தான் நடக்கும். அந்த இரண்டு நாளும் வராதவருக்கு 98 சதவீத வரவு இருக்கலாம், ஸ்டாட்டர் கட்டத் தெரியாது. ஆகவே நேரசூசியில் எந்த நாளில் எந்த அலகு என்று முன்பே ஒட்டிவிடுங்கள். எதை இழக்கிறோம் என்று தெரிந்து இழப்பது வேறு.

அடுத்து பிந்துகிற கணக்கு. ஒரு நாளைக்கு 20 நிமிஷம், 120 நாள்: 2400 நிமிஷம், 40 மணித்தியாலம். ஒரு நாளைக்கு 6 மணித்தியாலப் பயிற்சி என்றால் ஏறத்தாழ 7 நாள். ஒரு நாளும் தவறாமல் வந்தும் ஒரு வாரத்துக்கு மேல் வராத மாதிரி. இதை நான் சொன்னால் ஏறாது. அவர்களே கூட்டிப் பெருக்கிப் பார்க்கும்போது வகுப்பு கொஞ்சம் அமைதியாகும்.

"காலம் பொன் போன்றது" என்று சுவரில் எழுதி ஒட்டுவதை விடுங்கள். அதைவிட நல்ல பாடம் பக்கத்து மலையில் இருக்கிறது. கொழுந்து தொழிற்சாலைக்கு வந்தால் வாட்டுத் தொட்டியில் 12 முதல் 18 மணித்தியாலம் வாட வேண்டும். வாடியதும் அரைக்க வேண்டும், அது நள்ளிரவானாலும் சரி. அரைத்த பிறகு நொதிக்கும் நேரம் கொஞ்சம் கூடினாலும் தேயிலையின் சுவை போய்விடும். தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போகிற தகப்பனின் பிள்ளை ஒன்றாவது உங்கள் வகுப்பில் இருக்கும். அந்தப் பிள்ளையை எழுப்பிச் சொல்லவிடுங்கள். பிறகு கேளுங்கள்: உங்கள் தொழிலில் எது காத்திருக்காது? பேக்கரி வகுப்பு ஈஸ்ட் என்று சொல்லும். மேசன் வகுப்பு குழைத்த சீமெந்து என்று சொல்லும். எங்கள் வகுப்பில், மின்சாரம் வழங்குகிறவர்கள் லைனை நிறுத்தித் தருகிற மூன்று மணித்தியாலம். அப்புறம் உதவியாள் வராததால் ஒற்றை ஆளாக ஏணியில் ஏறுகிற ஆபத்து. துரைக்குப் பயந்து வருவதற்கும் ஏணியைப் பிடிக்க ஒருவர் காத்திருக்கிறார் என்று வருவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் அவர்களுக்குப் பிடிபடும்.

மாதக் கடைசி: இடாப்பை வாசியுங்கள்

கூட்டி மொத்தம் எழுதி அனுப்புவது அலுவலகத்துக்கு. உங்களுக்கு வேண்டியது கோடுகள் எங்கே கூட்டமாக விழுகின்றன என்பது.

தோட்டத்தில் சம்பளம் 10ஆம் தேதி வாக்கில் வரும். 5இலிருந்து 9 வரை கோடுகள் கூடினால் காரணம் சோம்பல் அல்ல, பஸ் காசு தீர்ந்துவிட்டது. நான் இதைக் கண்டுபிடிக்க இரண்டு வருஷம் எடுத்தது. ஒரு பிள்ளையும் வாய் திறந்து காசில்லை என்று சொல்லாது, "காய்ச்சல் சேர்" என்று சொல்லும். பருவச்சீட்டு எடுக்க முடியுமா என்று டிப்போவில் விசாரியுங்கள். உதவித்தொகை உள்ள பாடநெறி என்றால் அது எந்தத் தேதியில் கைக்கு வருகிறது என்று பாருங்கள்.

பெண் பிள்ளைகள் மாதத்துக்கு இரண்டு நாள் ஒழுங்காக வராமல் போனால், அவர்களைக் கேட்காமல் முதலில் நிலையத்துக் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, கதவு பூட்டுப்படுகிறதா, மூடியோடு ஒரு குப்பைத் தொட்டி இருக்கிறதா. ஒரு வாளியும் ஒரு கொண்டியும் எங்கள் வரவைக் கூட்டியது என்று நான் சொன்னால் கூட்டத்தில் சிரிப்பார்கள். உண்மை அதுதான்.

ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலம் வந்தால் விடுதிகளிலும் கடைகளிலும் நாட்கூலிக்குப் பையன்கள் போய்விடுவார்கள். கந்தப்பளை, இராகலைப் பக்கம் என்றால் மரக்கறித் தோட்டம். வேண்டாம் என்று தடுத்து ஜெயிக்க முடியாது. அந்த இரண்டு வாரத்தில் புதிய அலகு தொடங்காமல் இருந்தால் நட்டம் குறையும். வெள்ளிக்கிழமை மதியம் முஸ்லிம் பிள்ளைகளுக்குத் தொழுகை, அந்த நேரத்தில் செய்முறை வைக்காதீர்கள். தோட்டத்தில் ஒரு செத்த வீடு என்றால் லயமே போகும். உங்கள் பயிலுனரும் போக வேண்டும், போகாவிட்டால் நாளைக்கு அவர் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். அதைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுங்கள். முதல் நாள் ஒரு செய்தி அனுப்பிவிடு என்று மட்டும் பழக்குங்கள்.

பிந்தி வருகிறவரோடு பேசுவது

எல்லாருக்கும் முன்னால் வேண்டாம். "ஏன் பிந்தின?" என்றும் கேட்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு, அது பஸ். அதற்குப் பதிலாக காலையை முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள்.

"எத்தன மணிக்கு எழும்பின தம்பி?"

"அஞ்சரைக்கு சேர்."

"எழும்பி?"

"பீலிக்குப் போனேன்."

"எவ்வளவு நேரம்?"

"கூட்டம் சேர். ஆறரை ஆகிரும். அம்மா வேலைக்குப் போயிருவாங்க, தங்கச்சிக்கும் தண்ணி வைக்கணும்."

பீலி என்றால் லயத்துக்குப் பொதுவாகத் தண்ணீர் பிடிக்கிற இடம். ஆறே முக்காலுக்கு பஸ். லயத்திலிருந்து வீதிக்கு 25 நிமிஷம். எந்தக் காலில் ஓடினாலும் பிடிக்க முடியாது. இரவே இரண்டு குடம் பிடித்து வைத்தால் என்ன என்று இருவரும் பேசினோம். பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஒரு பெரிய பிளாஸ்டிக் பீப்பாய் இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து அவன் எட்டுக்கு முன்னால். எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. இன்னொருவனுடைய காலையைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் அது இரவு ஒரு மணிக்கு போன் விளையாட்டில் போய் நின்றது. அதற்கு என்னிடம் பீப்பாய் இல்லை. எட்டு மணிப் பலகை கொஞ்சம் உதவியது, கொஞ்சம்தான்.

வீட்டுக்குப் பேசுவதென்றால் மாலை 6 மணிக்குப் பிறகு. பகலில் அம்மா மலையில் இருப்பார். முதல் அழைப்பு முறைப்பாடாக இருக்கவே கூடாது. "உங்கட மகன் நல்லா வேலை செய்றான்மா" என்று ஒரு தரம் பேசிவைத்தவருக்கு, இரண்டாம் தரம் "மூணு நாளா காணலையே" என்று சொல்லும் உரிமை கிடைக்கும்.

வேலைத்தளப் பயிற்சிக்கு அனுப்பும் முன்

வகுப்பு முடிந்து பெரும்பாலும் ஆறு மாதம் வேலைத்தளத்தில் நிற்க வேண்டும். அங்கே பாஸ், அதாவது வேலை வாங்குகிறவர், உங்களைப் போல இருக்கமாட்டார். போவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே அவர்கள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஒரு தரம் போய் வரச் சொல்லுங்கள், பஸ் நேரத்தோடு.

பிந்தப்போகிறோம் என்றால் முன்கூட்டியே சொல்வது ஒரு தனித் திறமை, அதைப் படிப்பிக்க வேண்டும். நம் பிள்ளைகள் பிந்தினால் வெட்கத்தில் போனை நிறுத்திவிடுவார்கள். ஆகவே நான் வகுப்பில் வைத்தே பழக்குவேன்: ஒருவர் வெளியே போய் எனக்கு அழைப்பு எடுக்க வேண்டும். பேர், எங்கே நிற்கிறேன், எத்தனை மணிக்கு வருவேன், மூன்றே விஷயம். அதையே சிங்களத்திலும் சொல்லப் பழக வேண்டும், ஏனென்றால் கராஜ் பாஸ் அநேகமாகச் சிங்களம் பேசுபவர். நாக்கு ஒட்டிக்கொள்வது இங்கேதான், நேரத்தில் அல்ல. பத்துத் தரம் சொல்லிப் பார்த்தால் சரியாகிவிடும். தீபாவளி, தோட்டத் திருவிழா, வீட்டுச் சடங்கு என்று தெரிந்த லீவுகளை ஒரு மாதம் முன்னாலேயே கேட்கவும் பழக்குங்கள்.

சீ.ஆர். கொப்பியை நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள். பீலிக்காரப் பையன் படிப்பை முடித்து ஒரு கொந்தராத்துக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தான். மூன்றாம் மாதச் சம்பளத்தில் இரண்டு நாள் குறைந்திருந்தது. கொப்பியைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, எந்தத் தேதி, எந்த வீடு, எத்தனை பொயிண்ட் அடித்தேன் என்று வாசித்திருக்கிறான். அன்று இரவே எனக்கு அழைப்பு எடுத்தான்.

"சேர், ரெண்டு பேர் கூடப் போட்டுட்டாங்க."